சம்மட்டிக்கு அடியில் பதினாறு ஸ்பிரிங்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் காற்றழுத்தத்தில் ஓடும் பெரிய சம்மட்டி மிஷினின் குழாயில் கசிவு. வாஷரை மாற்றிப் பத்து மணிக்குள் ஓட விட்டாயிற்று. இன்றைக்கு லாரி அச்சு நுனிகள், நானூறுக்கு மேல். இடியண்ணன் வழக்கம்போலப் பழுக்கக் காய்ந்த இரும்பை மூன்றே அடியில் படிய வைத்தார். பதினான்கு வருடமாக அந்தச் சம்மட்டியை ஓட்டுகிறவர். காது பாதி போய்விட்டது. அவர் ரகசியம் சொன்னால் பட்டறை முழுக்கக் கேட்கும்.

சாப்பாட்டு நேரத்தில் காவலர் வந்து, "மேடம், பின்வீட்டம்மா வந்திருக்காங்க. உங்களைத்தான் கேக்குறாங்க" என்றார். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த அம்மா வந்தபோது கோபமாக வந்தார். வீடு அதிர்கிறது என்று அதிகாரிகள் வரைக்கும் போனார். இன்று கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"வீட்டுக்காரர் ஏணியில இருந்து விழுந்துட்டார் மேடம். முதுகெலும்புல ஆபரேஷன். அடுத்த மாசம் இருபதாம் தேதி வீட்டுக்கு அனுப்புறாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அசையாம படுத்திருக்கணும்கிறாங்க. உங்க மிஷின் அடிச்சா மாடியில கட்டிலே குலுங்குது. சண்டை போட வரல. என்ன பண்ணலாம்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

முதலாளியிடம் சொன்னேன். தலை நிமிராமல், "நம்மகிட்டதான் ரிப்போர்ட் இருக்கே" என்றார்.

இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்.

மார்ச் 4, புதன்

அலமாரியிலிருந்து அதை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது. அதில் அழகு அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

எழுதியே ஆகவேண்டும். வேறு யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

அப்போது நான் இங்கே இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். அதிர்வை அளந்து வரம்புக்குள் இருக்கிறதா என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வரம்பு தாண்டினால் பட்டறைக்குப் பூட்டு, அறுபது பேர் வெளியே. நான் அளக்கப் போன அன்று சம்மட்டியில் சின்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது. கருவியைப் பின்வீட்டின் கீழ்த்தளத்தில், தூணின் காலடியில் வைத்தேன். ஒரு வீட்டில் அசைவு ஆகக் குறைவாக இருக்கும் இடம் அது. மாடித் தரை தாளம் போட்டு ஆடும், தூணின் அடி ஆடாது. கல்லூரியில் இரண்டாம் வருடத்திலேயே சொல்லித் தருகிற விஷயம்.

பொய் எழுது என்று யாரும் சொல்லவில்லை. நான் எழுதிய எண்களும் பொய்யில்லை. இடம்தான் பொய். தெரியாமல் வைத்தேனா? – தெரிந்துதான்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அக்கா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். நாங்கள் இரண்டு பேர்தான் வீட்டில். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "இதை அவங்ககிட்ட சொல்லப் போறியா, இல்ல சொல்லலாமா வேணாமான்னு என்கிட்ட கேட்டுக்கேட்டே கிழவியாகப் போறியா?"

மார்ச் 9, திங்கள்

முதலாளியிடம் கேட்காமல் கருவியைத் தூக்கிக்கொண்டு பின்வீட்டுக்குப் போனேன். வீட்டு முன்னறையில் சின்னக் கடிகாரக் கடை. மேசைமேல் கண்ணில் பொருத்தும் லென்ஸ், இடுக்கிகள், தூசு படாமலிருக்க ஒரு துணி. வீட்டுக்காரர் அங்கேதான் கடிகாரம் ரிப்பேர் செய்வாராம். சம்மட்டி ஓடாத நேரம் பார்த்து, விடியற்காலையில்.

மாடியறை பட்டறைச் சுவரை ஒட்டியது. கட்டில் போடும் இடத்தில், அறையின் நடுவில், கருவியை வைத்தேன். இடியண்ணன் அப்போது பெரிய அச்சுகளை அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் என் பாதத்தில் ஒரு உதை. வரம்பு நொடிக்கு ஐந்து மில்லிமீட்டர். கீழே தூணடியில் வைத்துப் பார்த்தேன், இரண்டு. மாடியில் ஏழு, ஏழரை, ஒருமுறை எட்டு.

அந்த அம்மாவிடம் எண்ணைக் காட்டினேன். நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கே வைத்தேன், ஏன் வைத்தேன் என்பதையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அப்ப நிஜமாத்தான் ஆடுச்சா?" என்றார். "ஆடலைன்னு கவர்மெண்ட் பேப்பரே வந்துருச்சுன்னு, என் மூளைக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். தலைக்கு ஸ்கேன் எடுத்தேன் மேடம். ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிட்டேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வீடு ஆடியது, கோபப்பட்டார் – இவ்வளவுதான் நான் நினைத்து வைத்திருந்தது. ஒரு மனுஷி தன் உடம்பையே நம்பாமல் ஒன்றரை வருஷம். என் ஒரு பக்கக் காகிதத்தால்.

மன்னிச்சிருங்க என்றேன். "சரி, போங்க" என்றார். வேறென்ன சொல்வார்.

மார்ச் 10, செவ்வாய்

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூடவே ராஜினாமாக் கடிதத்தையும் வைத்தேன். கடிதத்தை மட்டும் திருப்பித் தள்ளினார். மேசை விளிம்பில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்மா. சொல்லிட்டே. இனிமே எனக்கும் தெரியும், நானும் தெரியாத மாதிரி நடிக்க முடியாது. என்ன பண்ணணும்?"

சொன்னேன். இப்போது சம்மட்டி நேராக மண்ணில் ஊன்றிய கான்கிரீட்டின் மேல் நிற்கிறது. அடி மண்ணுக்குள் இறங்குகிறது, மண் அதைப் பின்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அதைத் தோண்டி எடுத்துவிட்டு ஒரு கான்கிரீட் தொட்டி கட்டவேண்டும். தொட்டிக்குள் ஸ்பிரிங்குகள், ஸ்பிரிங்குகள் மேல் புதுக் கான்கிரீட் கட்டி, கட்டியின் மேல் சம்மட்டி. சுவரில் எங்கும் உரசாமல் மிதந்தபடி நிற்கவேண்டும்.

"எத்தனை நாள்?"

"ஏழெட்டு வாரம்."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "சின்னச் சம்மட்டி ரெண்டையும் ரெண்டு ஷிப்ட் ஓட்டுங்க. இந்தத் தடவை கணக்கை ஒழுங்கா போடு" என்றார்.

இந்தத் தடவை. குத்தினாரா, சாதாரணமாகச் சொன்னாரா தெரியவில்லை. இரண்டுமே நியாயம்தான்.

மார்ச் 16, திங்கள்

பெரிய சம்மட்டி நின்றது. இடியண்ணன் அதன் தூணில் கையை வைத்து, "போயிட்டு வாடா" என்றார். ரகசியமாகத்தான் சொன்னார். எல்லோரும் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

வீட்டிலும் கணக்குத்தான். பதினாறு ஸ்பிரிங்குகள், நான்கு டேம்பர்கள். அக்கா தேநீரோடு வந்து உட்கார்ந்து, ஸ்பிரிங்தான் இருக்கே, அந்த இன்னொண்ணு எதுக்கு என்றாள்.

ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும், ஆனால் விடாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அடுத்த அடி விழும்போது கட்டி மேலே இருக்குமா கீழே இருக்குமா என்று தெரியாது. ஆட்டத்தைப் பிடித்து அடக்கத்தான் டேம்பர். பானையில் தார்போலக் கெட்டியான குழம்பு, அதற்குள் முங்கிய ஒரு தடித்த குழாய். அசைய விடும், ஆட விடாது.

"அதாவது பொங்குறதுக்கு ஒண்ணு, அடங்குறதுக்கு ஒண்ணு" என்றாள். "உனக்கு ரெண்டாவதைப் பொருத்தாமலே அனுப்பிட்டாங்கடி."

ஏப்ரல் 11, சனி

தொட்டி முடிந்தது. ஸ்பிரிங் பெட்டிகளை இறக்கி, கட்டிக்குப் பலகை அடைத்துக் கான்கிரீட் ஊற்றினார்கள். தொட்டிச் சுவருக்கும் கட்டிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதில் ஒரு துரும்பு இருக்கக்கூடாது என்று மேஸ்திரியிடம் மூன்று முறை சொன்னேன். நான்காம் முறை சொல்ல வாயெடுத்தபோது அவரே சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 20, திங்கள்

கடிகாரக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆம்புலன்ஸிலிருந்து ஸ்ட்ரெச்சரை மாடிக்கு ஏற்றினார்கள். நாங்கள் நாலு பேர் போய்க் கைகொடுத்தோம். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவு போதும்.

இப்போதைக்கு அவருக்கு அமைதி. சம்மட்டி எழுந்த பிறகு?

மே 8, வெள்ளி

சம்மட்டியைக் கட்டியின்மேல் ஏற்றியாயிற்று. பதினாறு ஸ்பிரிங்கும் நான் போட்ட கணக்குக்கு அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அமுங்கி உட்கார்ந்தன. இடைவெளியைச் சுற்றிப் பார்த்துச் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மே 11, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் மாடியறையில் கருவியை வைத்துக்கொண்டு போனில் இடியண்ணனிடம் அடிக்கச் சொன்னேன். ஒரு அடி. முக்கால். எட்டு இருந்த இடத்தில் முக்கால். இன்னொரு அடி, அதேதான். கடிகாரக்காரர் படுத்தபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் முட்டாள்போல அவருக்குக் கைதட்டினேன்.

மதியத்திலிருந்து உற்பத்தி. மூன்று மணிக்கு அந்த அம்மா போன் செய்தார். "வந்து பாருங்க மேடம்." ஓடினேன். மூன்று மூன்று அடியாக விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது அடிக்குத் தட் என்று சுவரே அதிர்ந்தது. ஐந்தரை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

முதலாளி உடனே நிறுத்தச் சொன்னார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

எட்டு வாரம். அறுபது பேர் இரண்டு ஷிப்ட் பார்த்தது. எங்கே தப்பு? கணக்கிலா? எனக்கு எதுவுமே ஒழுங்காக வராதா?

மே 12, செவ்வாய்

கணக்கை மூன்று முறை போட்டேன். சரி. டேம்பர் குழம்பின் சூட்டைப் பார்த்தேன். சரி. ஸ்பிரிங் உயரங்கள் சரி. எல்லாம் சரியாக இருந்தும் வீடு ஆடுகிறது.

மே 13, புதன்

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாசலில் அந்த அம்மா, "அவரு உங்களைப் பார்க்கணும்னாரு" என்று மாடிக்கு அனுப்பினார்.

கடிகாரக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரல் மெல்லியது, பேச்சில் அவசரமே கிடையாது. கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"வேற வேலை இல்லைங்களா, அன்னிக்கு எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன். மொத்தம் நூத்தி எண்பது அடி. விட்டு விட்டு அடிச்சா ஒண்ணுமே தெரியல. அடுக்கடுக்கா மூணு விழுந்தா, மூணாவதுலதான் அந்தச் சத்தம். முன்னாடி மாதிரி இல்லைங்க. முன்னாடி யாரோ கட்டிலைக் கீழ இருந்து உதைச்ச மாதிரி இருக்கும். இப்ப யாரோ விரல் முட்டியால சுவத்தைத் தட்டுற மாதிரி. அதுவும் என் கால் பக்கம்தான்."

நான் எழுதிக்கொள்வதைக் கண்ணைத் திருப்பிப் பார்த்தார்.

"ஊசல் கடிகாரத்துல பெட்டி கொஞ்சம் சாய்ஞ்சிருந்தா இப்படி ஆகும். சின்னதா ஆடுறப்ப உரசாது. வீச்சு பெரிசானா மட்டும் ஓரத்துல இடிக்கும். மிஷினைப் பத்தி எனக்குத் தெரியாது. ஏதாவது இடிக்குதான்னு பாருங்க."

உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். முதல் அடிக்குக் கட்டி கொஞ்சம் ஆடும். அது அடங்குவதற்குள் இரண்டாவது, மூன்றாவது. ஆட்டம் கூடும். கூடினால் மட்டும் தொடுகிற ஏதோ ஒன்று. கட்டிக்கும் தொட்டிக்கும் நடுவில். அவர் கால் பக்கம் என்றால் பின் மூலை.

எட்டு வாரம் கணக்கு மட்டுமே பார்த்தவளுக்கு இது தோன்றவில்லை. ஒரே மதியத்தில் ஒருவர் வலியோடு படுத்தபடி, காதால் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

மே 14, வியாழன்

காலை ஏழு மணிக்கே இடியண்ணனும் நானும் பின் மூலையில். அங்கே கருவி அலமாரி நிற்கிறது. அன்று இடைவெளியைப் பார்த்தபோது மூன்று பக்கம் குனிந்து பார்த்தேன். இந்தப் பக்கம் அலமாரியை நகர்த்தாமல், மேலிருந்து டார்ச் அடித்துவிட்டு வந்துவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

அலமாரியை நகர்த்தி, நீளமான இரும்புத் தகட்டை இடைவெளிக்குள் விட்டு இழுத்துக்கொண்டே வந்தேன். ஓர் ஆள் ஆழத்தில் டக் என்று தட்டியது. கான்கிரீட் ஊற்ற அடைத்த பலகைகளில் ஒன்று. முழங்கை நீளத் துண்டு, சிமெண்டு பூசி, சுவரின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பலகைக்கும் கட்டிக்கும் நடுவே ஒரு நூல் அளவுதான் இடம். சின்ன அடிக்குத் தொடாது. பெரிய ஆட்டத்துக்கு இடித்து, அந்த இடியைத் தொட்டிச் சுவர் வழியாகப் பின்வீட்டுக்குள் அனுப்பியிருக்கிறது. பதினாறு ஸ்பிரிங்கின் உழைப்பை ஒரு மரத்துண்டு தின்றிருக்கிறது.

கொக்கி வளைத்து, முன்னும் பின்னும் அசைத்து, ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி எடுத்தோம். வெளியே வந்ததும் இடியண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்துனூண்டு பயலா நீ?" என்றார்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே புரியவில்லை. அவர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு நான்கு பக்கமும் மேலிருந்து அடிவரை தகடு விட்டுப் பார்த்தோம். இரண்டு முறை. எங்கும் தட்டவில்லை.

மே 15, வெள்ளி

மாடியறை. கருவி. போன்.

"அண்ணே, நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. நிறுத்தச் சொன்னா மட்டும் நிறுத்துங்க."

மூன்று. மூன்று. மூன்று. முக்கால், முக்காலுக்குக் கொஞ்சம் மேல், முக்கால். ஐம்பது அடி தாண்டியது. ஒன்றைத் தாண்டவேயில்லை. கடிகாரக்காரர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு பார்த்தால் குறட்டை.

அந்த அம்மா படியேறி வந்து, "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க? அடுப்புல வேலை கிடக்கு" என்றார்.

"ஆரம்பிச்சு இருபது நிமிஷம் ஆச்சும்மா."

நம்பாமல் என்னைப் பார்த்தார். சுவரின் அருகே போய் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போனார். நான் தொடர்ந்து எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன நினைத்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

முதலாளி சாயங்காலம், "அந்த ராஜினாமா லெட்டர் இன்னும் பையிலதான் இருக்கா? கிழிச்சுப் போடு" என்றார்.

மே 18, திங்கள்

பழைய ரிப்போர்ட் தவறு, கருவி வைத்த இடம் தவறு, அது தெரிந்தே செய்தது என்று அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். புது அளவுகளையும் இணைத்தேன். பின்வீட்டுக்கும் ஒரு நகல். முதலாளி படித்துவிட்டு, "தெரிந்தே"ங்கிற வார்த்தை வேணுமா என்றார். வேணும் சார் என்றேன்.

என்ன வருமோ வரட்டும்.

ஜூன் 2, செவ்வாய்

இடியண்ணன் புகார்: "காலுக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. அடிச்சேனா, அடிக்கலையான்னு இரும்பைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு." பிறகு பக்கத்தில் வந்து, அவர் கணக்கில் ரகசியமாக: முட்டி வலி குறைந்திருக்கிறதாம். யாரிடமும் சொல்லக்கூடாதாம். பட்டறையே தலையாட்டியது.

ஜூன் 19, வெள்ளி

அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களே அளந்தார்கள். மாடியில், கட்டிலின் அருகில். கருவியை எங்கே வைக்கவேண்டும் என்று அந்த அம்மாதான் காட்டினார். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டு வருடத்துக்கு நான் அளவு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக்கூடாது. இதைவிடப் பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். வெளியே வந்தபோது தோள் இரண்டும் கீழே இறங்கின. இத்தனை நாள் அவற்றைத் தூக்கியே வைத்திருந்தேன் போலிருக்கிறது.

அக்கா சொன்னாள்: "முகத்துல கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கு. இனிமே நீயே துணி மடி."

ஜூலை 4, சனி

இன்று கடிகாரக்காரர் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பத்து அடி நடந்தாராம். காவலர்தான் வந்து சொன்னார். வேலையில் மனம் நன்றாக ஓடியது.

ஜூலை 12, ஞாயிறு

பதினொரு மணிக்குப் பின்வீட்டம்மாவிடமிருந்து போன். மறுபடி எது ஆடுகிறதோ என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"ஏம்மா, உங்க பட்டறையில சுவத்துல ஓட்டை போடுற மிஷின் இருக்கும்ல? ஒரு ஆளு கிடைச்சா அனுப்பி வையேன். கண்ணாடி அலமாரி ஒண்ணு வாங்கி ரெண்டு வருஷமா பெட்டியோட பரண்ல கிடக்கு. இன்னிக்கு மாட்டிடலாம்னு இவரு சொல்றாரு."

இத்தனை நாளில் முதல்முறையாக என்னை மேடம் என்று கூப்பிடவில்லை. வேலைக்கு ஆள் எதற்கு, நானே வருகிறேன் என்றேன். எந்தச் சுவர் என்று கேட்டேன், எந்த அளவு திருகாணி எடுத்துவருவது என்று தெரிந்துகொள்ள.

"மாடியறையிலதான். உங்க பட்டறைப் பக்கத்துச் சுவரு."